டைப் செய்து வைத்திருந்த ராஜினாமா

திருப்பூரில் ஓர் ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருந்தேன். பையர் (உடை வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி) அனுப்பும் டெக் பேக்கை, அதாவது உடையின் அளவு, துணி, தையல் விவரத் தாள்களைப் பிரித்துப் படிப்பது, சாம்பிள் தைக்கவைத்து அனுப்புவது, நூல், சாயம், பிரிண்டிங், எம்ப்ராய்டரி என்று ஒவ்வொரு யூனிட்டாகப் போனில் துரத்துவது, சரக்கு கண்டெய்னரில் ஏறி தூத்துக்குடிக்குக் கிளம்பும்வரை தூங்காமல் கிடப்பது, இவ்வளவும்தான் வேலை. என்னிடம் இருந்தது ஓர் ஐரோப்பிய பையர். முழுக்கக் குழந்தைகள் உடை. 2022-ல் நான் கருவுற்றபோது என் மேஜை நிறைய பச்சைக் குழந்தைக்கான ராம்பர் சாம்பிள்கள்தான் கிடந்தன. அளவு டேப்பை வைத்து அதன் தோள்பட்டையை அளந்துகொண்டிருப்பதைப் பார்த்து செக்‌ஷனில் கேலி செய்யாதவர் கிடையாது.

மூன்று மாதம் முடிந்து, ஸ்கேனில் எல்லாம் சரி என்று தெரிந்த பிறகுதான் ஆபீஸில் சொன்னேன். ஜி.எம். உண்மையாகவே சந்தோஷப்பட்டார். அன்றைக்கே ஆள் அனுப்பி ஜிலேபி வாங்கி எல்லா டேபிளுக்கும் கொடுத்தார். அடுத்த வாரம் பையர் விசிட். எப்போதும் சாம்பிள் ரூமில் பையருக்கு எதிரே உட்கார்ந்து பேசுவது நான்தான். அன்று காலையில் கூப்பிட்டு, “நீ எதுக்கும்மா நின்னுட்டு அலையறே, சீட்லயே இரு. தம்பி பாத்துக்குவான்” என்றார். தம்பி என்றது என்னிடம் வேலை பழகிக்கொண்டிருந்த பையனை. கொஞ்ச நாளில் பையரின் மெயில்கள் நேராக அவனுக்குப் போக ஆரம்பித்தன, எனக்கு நகல் மட்டும் வந்தது. அப்புறம் நகலும் நின்றது. வாராந்திர மீட்டிங்குக்கு, “மாடி ஏறணும், வேண்டாம்மா” என்றார்கள். லிஃப்ட் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை, அவர்களுக்கே தெரியும்.

இதில் ஒரு சொல்கூடக் கடுமையாக இல்லை. யாரும் திட்டவில்லை, முகம் சுளிக்கவில்லை. எல்லாமே அக்கறை. அதனால்தான் கேள்வி கேட்கவும் முடியவில்லை. வீட்டில் பெரியவர்கள் சொல்வதுபோலவே சொன்னால், “இல்லைங்க, எனக்கு வேலை வேணும்” என்று சொல்கிற பெண்தான் பிடிவாதக்காரியாகத் தெரிவாள்.

முதல் காகிதம் ஐந்தாவது மாதத்தில் வந்தது. ஸ்கேன் எடுக்கப் போன அன்று, முந்தின நாளே வாயால் அனுமதி கேட்டு, “சரிம்மா போய்ட்டு வா” என்ற பதிலும் வாங்கி, பதினோரு மணிக்கு வந்திருந்தேன். மறுநாள் தாமத வருகைக்கு மெமோ. அத்தனை வருட வேலையில் எனக்கு மெமோ வந்ததே கிடையாது. ஷிப்மென்ட் நாட்களில் ராத்திரி பத்து மணிவரை இருந்ததற்கெல்லாம் யாரும் காகிதம் கொடுத்ததில்லை, அது வேறு விஷயம். மெமோவைச் சும்மா வாங்கி டிராயரில் போட்டுவிடலாம் என்றுதான் தோன்றும். போடாதீர்கள். அன்றைக்கே நான்கு வரி பதில் எழுதினேன்: இன்ன தேதி ஸ்கேன், இன்னாரிடம் முந்தின நாள் அனுமதி கேட்டேன், ஸ்கேன் சென்டர் ரசீது இணைத்திருக்கிறேன். ஹெச்.ஆருக்கு மெயில் அனுப்பி, என் சொந்த மெயிலுக்கும் ஒரு நகல் போட்டுக்கொண்டேன். பெரிய யோசனையெல்லாம் செய்து எழுதியதில்லை, கோபத்தில் எழுதியதுதான். பின்னால் அந்த நான்கு வரி எவ்வளவு உதவியது என்பதைச் சொல்கிறேன்.

ஆறாவது மாதம் ஹெச்.ஆர். கூப்பிட்டார். மேஜையில் ஒரு ஃபைல். திறந்தால் என் பெயரில், கம்பெனியின் பேப்பரில், அழகாக டைப் செய்த ராஜினாமா. “சொந்தக் காரணங்களுக்காக” என்று போட்டிருந்தது. தேதி மட்டும் காலி. பேனா மூடி கழற்றி வைக்கப்பட்டிருந்தது.

“பி.எஃப். ரெண்டு மாசத்துல வந்துரும்மா. எக்ஸ்பீரியன்ஸ் சர்டிஃபிகேட் நல்லா போட்டுத் தர்றோம். குழந்தை கொஞ்சம் வளந்ததும் எப்ப வேணா வாங்க, நம்ம கம்பெனிதானே.”

“வீட்ல கேட்டுட்டுச் சொல்றேன் ஸார்” என்றேன். கல்யாணமான பெண் இப்படிச் சொன்னால் எங்கள் ஊரில் மறுபேச்சுப் பேச ஆளில்லை. கோபப்படாமல், சண்டை போடாமல், அன்றைக்கு அந்த அறையைவிட்டு வெளியே வருவதற்கு இதைவிட நல்ல வாக்கியம் எனக்கு இன்றுவரை கிடைக்கவில்லை. அந்தக் காகிதத்தைப் படித்துப் பார்க்கிறேன் என்று கேட்டேன். “அது இங்கயே இருக்கட்டும்மா” என்றார். வெளியே வந்ததும் நடந்ததை அப்படியே ஒரு மெயிலாக எனக்கு நானே அனுப்பிக்கொண்டேன்.

வீட்டில் கேட்டேன், நிஜமாகவே. மாமியார், “மாசமா இருக்கறப்ப எதுக்கு கண்ணு இந்த வம்பு, எழுதிக் குடுத்துட்டு வந்துரு” என்றார். கணவர் ஒன்றும் சொல்லவில்லை, வீட்டுக் கடன் தவணையை மட்டும் ஞாபகப்படுத்தினார். அதுவே போதுமான பதிலாக இருந்தது.

அடுத்து நான் போனது மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு. கோர்ட் வளாகத்தில் இருக்கும். பெண்களுக்கு வருமான வரம்பே இல்லாமல் இலவசச் சட்ட உதவி உண்டு என்று 1987-ஆம் ஆண்டு சட்டமே சொல்கிறது. சம்பளம் வாங்கும் நமக்கெல்லாம் எங்கே தருவார்கள் என்று நினைத்துத்தான் நம்மில் பலர் போவதில்லை. அங்கே பேசிய வக்கீல் அம்மா என்னைவிட இரண்டு மூன்று வயது பெரியவர் இருப்பார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு முதலில் கேட்டது, “எதுலயாவது கையெழுத்துப் போட்டீங்களா?” இல்லை என்றதும், நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். அப்புறம்தான் விவரம் சொன்னார்.

கர்ப்பமாக இருப்பவளைக் கம்பெனி நீக்கினால், அவளுக்குச் சேர வேண்டிய பேறுகாலப் பணம் அப்போதும் போகாது. 1961-ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு அப்படி. பேறுகால விடுப்பில் இருக்கும்போது நீக்குவதும், நீக்கப்போவதாக நோட்டீஸ் கொடுப்பதும், வேலை நிபந்தனைகளை அவளுக்குப் பாதகமாக மாற்றுவதும் சட்டவிரோதம். ஆனால் அவளே எழுதிக் கொடுத்துவிட்டால்? அது நீக்கம் ஆகாது, விலகல். மிரட்டி வாங்கினார்கள் என்று நிரூபிக்கும் பாரம் அவள் தலையில் விழும். அதனால்தான் எந்தக் கம்பெனியும் டிஸ்மிஸ் ஆர்டர் அடிப்பதில்லை, ராஜினாமா டைப் அடிக்கிறது. மெமோவுக்கும் கணக்கு இருந்தது. கடுமையான ஒழுங்கீனம் என்று காட்டி எழுத்துமூலம் உத்தரவு போட்டால் பேறுகாலப் பலனையே மறுக்க அந்தப் பிரிவில் ஒரு வழி விட்டிருக்கிறார்கள். ஒரு தாமத மெமோ அதற்குப் போதாது. நாலைந்து சேர்ந்தால் ஒரு ஃபைல் ஆகும்.

வக்கீல் சொல்லச் சொல்ல ஒரு கடிதம் எழுதினேன். அதில் இருந்தது அதிகமில்லை. பிரசவம் எதிர்பார்க்கும் தேதி, விடுப்பு தொடங்கும் தேதி, பேறுகாலப் பணத்தை எனக்கோ என் வாரிசாக நான் குறிப்பிடுபவருக்கோ தர வேண்டும், விடுப்புக் காலத்தில் வேறெங்கும் வேலை செய்ய மாட்டேன். கூட டாக்டர் சான்றிதழ். இந்த அறிவிப்பைக் கொடுக்காவிட்டாலும் உரிமை போய்விடாது என்று சட்டத்தில் இருக்கிறது. ஆனாலும் கொடுங்கள், ஏனென்றால் கம்பெனிக்குத் தெரியாது என்ற பேச்சுக்கே அதற்கப்புறம் இடமில்லை. நேரில் கொடுத்து நகலில் சீல் கேட்டேன், “மேலே கேட்டுட்டுப் போடறேன்” என்று இழுத்தார்கள். அன்று மாலையே ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். பதிவுத் தபாலை 2025-ல் ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்கள், இப்போது அனுப்புகிறவர்கள் தபால் ஆபீஸில் கேட்டு, ஆள் கையில் சேர்ந்ததற்கான சான்றோடு அனுப்பவும்.

விடுப்பு எப்போது தொடங்குவது என்பதிலும் ஒரு கணக்கு உண்டு. முதல் இரண்டு குழந்தைகளுக்கு மொத்தம் 26 வாரம். 2017 திருத்தத்துக்கு முன்னால் 12 வாரம்தான். 26-ல் பிரசவத்துக்கு முன் அதிகபட்சம் 8 வாரம் எடுக்கலாம், எடுத்தே ஆக வேண்டும் என்றில்லை. உடம்பு இடம் கொடுத்தால் முன்னால் குறைத்து எடுத்துப் பின்னால் சேர்த்துக்கொள்ளலாம். பிரசவத்துக்குப் பின் 6 வாரம் மட்டும் யார் நினைத்தாலும் வேலை வாங்க முடியாது. ஏற்கெனவே இரண்டு குழந்தைகள் இருந்தால் 12 வாரம். தகுதி என்று பார்த்தால், பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருக்க வேண்டும், அவ்வளவுதான். நிரந்தரமா, புரபேஷனா, தினக்கூலியா என்ற பேச்சே இல்லை. டெல்லி மாநகராட்சியின் தினக்கூலிப் பெண்கள் வழக்கில் 2000-லேயே உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது. கருச்சிதைவு ஆனால் 6 வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு என்பதும் நிறையப் பேருக்குத் தெரியாது. எங்கள் செக்‌ஷனிலேயே ஒரு பெண் கருச்சிதைவாகி நாலாம் நாள் சாம்பிள் ரூமில் நின்றுகொண்டிருந்தாள். யாரும் அவளிடம் சொல்லவில்லை, எனக்கும் அப்போது தெரியாது.

கடிதம் போன பின் கொஞ்ச நாள் ஆபீஸில் மௌனம். ஜி.எம். என்னைப் பார்த்தால் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்வார். பிறகு பதில் வந்தது. எங்கள் தொழிற்சாலை இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) வரம்புக்கு உட்பட்டது, எனவே பேறுகாலப் பலனுக்கு இ.எஸ்.ஐ. நிறுவனத்தை அணுகவும்.

இந்த ஒரு வரியில் எத்தனை பெண்கள் திரும்பிப் போயிருப்பார்கள் என்று நினைத்தால் இப்போதும் எரிச்சலாக வருகிறது. இ.எஸ்.ஐ.க்குச் சம்பள உச்சவரம்பு மாதம் 21,000 ரூபாய். அதற்குள் வாங்குகிறவருக்கு 26 வாரப் பணத்தை இ.எஸ்.ஐ. தரும், கம்பெனி தர வேண்டியதில்லை. என் சம்பளம் 32,000. எனக்கு இ.எஸ்.ஐ. பிடித்தமே கிடையாது, சம்பள ஸ்லிப்பில் அந்தக் கட்டம் காலி. வரம்புக்கு மேல் சம்பளம் வாங்குகிறவர் இ.எஸ்.ஐ. உள்ள தொழிற்சாலையில் இருந்தாலும் அவருக்கு மகப்பேறு நலச் சட்டப்படி முதலாளிதான் தர வேண்டும். அதற்கென்றே 1961 சட்டத்தில் தனிப் பிரிவு சேர்த்திருக்கிறார்கள். தைக்கிறவர், செக்கிங்கில் இருப்பவர் இ.எஸ்.ஐ. பக்கம் போக வேண்டும், மெர்ச்சண்டைசர், அக்கவுண்ட்ஸ் மாதிரி வரம்பைத் தாண்டியவர்கள் கம்பெனியிடம் கேட்க வேண்டும். சம்பள ஸ்லிப்பை எடுத்து அந்தக் கட்டத்தைப் பாருங்கள், நீங்கள் எந்தப் பக்கம் என்று அரை நிமிடத்தில் தெரிந்துவிடும்.

இந்த வாதம் ஓடாது என்று தெரிந்ததும் அடுத்ததற்கு வந்தார்கள். தருகிறோம், ஆனால் பேசிக்கை மட்டும்தான் கணக்கில் எடுப்போம். என் பேசிக் 16,000. மீதி வீட்டு வாடகைப் படி, போக்குவரத்துப் படி, ஸ்பெஷல் அலவன்ஸ். ஆறு மாதத்துக்கு வைத்துப் பார்த்தால் ஒரு லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவான தொகை காணாமல் போகும். அன்றைக்கு நடைமுறையில் இருந்த 1961 சட்டத்தில் கூலி என்றால் வாடகைப் படி உட்பட ரொக்கமாகத் தரும் படிகளெல்லாம் சேரும். ஓவர்டைம், போனஸ், முதலாளி கட்டும் பி.எஃப். பங்கு போன்றவைதான் சேராது. விடுப்புக்கு முந்தைய மூன்று மாதச் சராசரியை எடுத்துக் கணக்குப் போட வேண்டும்.

இங்கே நடுவில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் இதைப் படித்துவிட்டு யாராவது போய்ச் சண்டை போட்டுத் திரும்பி வருவார்கள். 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. மகப்பேறு நலச் சட்டம் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் போய்விட்டது. 26 வாரம், 80 நாள், நீக்கக் கூடாது என்பதெல்லாம் அப்படியே தொடர்கின்றன. ஆனால் கூலி என்பதன் விளக்கம் மாறிவிட்டது. வாடகைப் படியும் போக்குவரத்துப் படியும் வெளியே. இப்படி வெளியே தள்ளுபவை மொத்தச் சம்பளத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய தொகை மறுபடி கூலிக்குள் வரும். ஆக, பேசிக்கை ஐயாயிரம் என்று போட்டு மீதியைப் படிகளாகப் பிரித்து வைத்திருக்கும் கம்பெனியில் இருப்பவருக்குப் புதிய விளக்கம் ஒரு பாதுகாப்பு. என்னைப்போல் பேசிக் பாதிக்கு இருப்பவருக்கு முன்பைவிடக் குறையத்தான் செய்யும். எனக்கு இது பிடிக்கவில்லை, ஆனால் சட்டம் இப்படித்தான் இருக்கிறது. இனிமேல் கணக்குப் போடுகிறவர்கள் பழைய முறையில் போடாதீர்கள்.

பேசிக் விவகாரத்தில் எழுத்துப் போக்குவரத்து முடியாமல் இழுத்தது. எனக்கு ஏழரை மாதம். புகார் கொடுக்க வேண்டிய இடம், தொழிற்சாலை என்றால், தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம். ஊரில் இன்னும் ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள். கடை, ஐ.டி. கம்பெனி, தனியார் அலுவலகம் என்றால் தொழிலாளர் துறை. மாற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தால் அலைய வைப்பார்கள். வயிற்றைத் தூக்கிக்கொண்டு அலைய முடியாது என்பதால், வக்கீலிடம் இதைத்தான் முதலில் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

அங்கே புகார் கொடுத்தேன். விசாரணைக்குக் கம்பெனி சார்பில் ஹெச்.ஆரும் ஆடிட்டர் ஒருவரும் வந்தார்கள். ஹெச்.ஆர்., “அந்தம்மா ரிசைன் பண்றேன்னு சொன்னாங்க ஸார், நாங்க அதை நம்பி வேற ஆளப் போட்டுட்டோம்” என்றார்.

“வாயில சொன்னது இருக்கட்டும். எழுதிக் குடுத்திருக்காங்களா?” என்றார் அதிகாரி.

இல்லை.

“வேற என்ன இருக்கு?”

மெமோவை எடுத்து வைத்தார். நான் என் பதில் மெயிலின் பிரிண்ட்டையும் ஸ்கேன் ரசீதையும் வைத்தேன். அதிகாரி இரண்டையும் தேதி பார்த்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். அவர் யாரையும் திட்டவில்லை. என்னிடம் ஆறுதலாகவும் பேசவில்லை. கால்குலேட்டரை எடுத்து மூன்று மாதச் சம்பளத்தைக் கூட்ட ஆரம்பித்தார். கடைசியில், “மெடிக்கல் போனஸ் 3,500 எங்க?” என்று ஆடிட்டரைக் கேட்டார். கம்பெனி இலவசமாகப் பிரசவ மருத்துவம் தராவிட்டால் அந்தத் தொகையும் தர வேண்டும். அது எனக்கே மறந்துபோயிருந்தது.

பணம் வந்தது. சட்டப்படி பிரசவத்துக்கு முந்தைய காலத்துக்கான பகுதியை முன்கூட்டியே தர வேண்டும், மீதியைக் குழந்தை பிறந்த சான்று கொடுத்த 48 மணி நேரத்துக்குள் தர வேண்டும். எனக்கு மாதாமாதம் சம்பளம் போலத்தான், அதுவும் ஏழாம் தேதிக்குப் பதில் பதினைந்தாம் தேதி வந்தது. அதற்கு மேல் நான் சண்டை போடவில்லை. குழந்தைக்கு மஞ்சள் காமாலை, ஒரு வாரம் விளக்கடியில் வைத்திருந்தார்கள். கம்பெனியை நினைக்க நேரமில்லை.

பணம் தராமல் மறுத்து எழுத்தில் உத்தரவு போட்டுவிட்டால், அது கையில் கிடைத்த 60 நாளுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். பிரசவக் களேபரத்தில் இந்தத் தேதிதான் தவறிப்போகும். வீட்டில் ஒருவர் பொறுப்பில் இதை விட்டுவிடுங்கள்.

எனக்கு நடந்தது கொஞ்சம் வசதியான கதை என்பதையும் சொல்ல வேண்டும். எனக்கு மெயில் ஐ.டி. இருந்தது, சம்பள ஸ்லிப் வந்தது, இங்கிலீஷில் நாலு வரி எழுத வந்தது. கீழே தளத்தில் கான்ட்ராக்டர் மூலமாக வரும் பெண்களுக்கு இதில் ஒன்றுமில்லை. செக்கிங்கில் ஓர் அக்கா. வயிறு தெரிய ஆரம்பித்ததும் கான்ட்ராக்டர் அடுத்த வாரத்திலிருந்து வேறு ஆளைக் கூட்டி வந்துவிட்டார். நீக்கவுமில்லை, ஒன்றுமில்லை. “வேலை இல்லீங்க, இருந்தா சொல்றேன்” என்பதோடு சரி. வாராவாரம் இ.எஸ்.ஐ. என்று சொல்லிப் பணம் பிடித்திருக்கிறார். அக்கா இ.எஸ்.ஐ. ஆபீஸுக்குப் போனால் கணக்கில் பாதி நாட்கள்தான் கட்டப்பட்டிருந்தன. இ.எஸ்.ஐ.யில் பேறுகாலப் பணம் வாங்க, முந்தைய இரண்டு பங்களிப்புக் காலங்களில் (சந்தாவைக் கணக்கிடும் ஆறு மாதக் காலங்கள்) 70 நாளாவது சந்தா கட்டியிருக்க வேண்டும். அவருக்கு அது வரவில்லை. காப்பீட்டு எண்ணை வைத்து இ.எஸ்.ஐ. இணையதளத்தில் நம் கணக்கில் எத்தனை நாள் ஏறியிருக்கிறது என்று பார்க்க முடியும். கர்ப்பம் தெரிந்தபின் பார்த்துப் பிரயோஜனமில்லை, மாதாமாதம் பார்க்க வேண்டும். நான் ஊரில் யார் கேட்டாலும் முதலில் சொல்வது இதைத்தான்.

ஆடிட் பற்றிச் சொல்லாமல் திருப்பூர் கதை முடியாது. பையர் சார்பில், தொழிலாளர் வசதிகளைப் பார்க்கும் ஆடிட் வரும் அன்று காலையில் எங்கள் கம்பெனியில் கிரஷ் (குழந்தைகள் காப்பகம்) திறப்பார்கள். மற்ற நாட்களில் அது பூட்டிய அறை, பழைய ஹேங்கர் மூட்டைகள் கிடக்கும். மூட்டைகளை ராத்திரியே மொட்டை மாடிக்கு ஏற்றிவிட்டு, காலையில் தொட்டில், பிளாஸ்டிக் குதிரை, கரடி பொம்மை. குதிரைக்கு பாலிதீன் உறையைக்கூட யாரும் பிரித்ததில்லை, வருடாவருடம் அதே உறை. ஃபினிஷிங்கில் இருந்து ஒரு அக்காவுக்குப் புடவை கட்டவைத்து ஆயா என்று உட்காரவைப்பார்கள். ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் கிரஷ் வசதி இருக்க வேண்டும், அம்மா ஒரு நாளைக்கு நான்கு முறை போய்க் குழந்தையைப் பார்த்து வரலாம், அதில் அவளுடைய வழக்கமான ஓய்வு நேரமும் அடக்கம். தாள்களில் எல்லாம் எங்களிடம் சுத்தம். ஆடிட்டர் குதிரையைப் பார்த்தார், போட்டோ எடுத்தார், போனார். நான் விடுப்பு முடிந்து திரும்பியதும் கிரஷ் எப்போது திறக்கும் என்று ஹெச்.ஆரிடம் மெயிலில் கேட்டேன். பதில் வரவில்லை. குழந்தையை அம்மா வீட்டில் விட்டுவிட்டுத்தான் வந்தேன். குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை பால் கொடுக்க தினம் இரண்டு இடைவேளை உண்டு என்பதெல்லாம் குழந்தை பக்கத்தில் இருந்தால்தானே.

திரும்பி வந்தபோது என் சீட் இருந்தது. பையர் இல்லை. அந்தத் தம்பி சீனியர் ஆகியிருந்தான், நான் அவனிடம் ரிப்போர்ட் செய்ய வேண்டும். அவனுக்கே சங்கடம், “அக்கா, நான் கேக்கலைங்க அக்கா” என்றான். அவன்மேல் தப்பில்லை. எனக்குக் கொடுத்தது உள்ளூர் ஆர்டர் ஃபாலோ-அப். அந்த வருடம் இன்க்ரிமென்ட்டும் இல்லை, ஆறு மாதம் வேலை செய்யவில்லையாம். விடுப்பில் இருக்கும்போது நிபந்தனையை மாற்றக் கூடாது என்று சட்டம் தெளிவாகச் சொல்கிறது. திரும்பி வந்தபின் மெதுவாக ஓரம் கட்டுவதைப் பிடிக்க அதில் அவ்வளவு பிடி இல்லை. வக்கீலிடம் கேட்டேன். கேட்கலாம், வருடக்கணக்கில் இழுக்கும், அந்தச் சம்பளத்துக்கு அது தேவையா என்று நீங்களே யோசியுங்கள் என்று மறைக்காமல் சொன்னார். யோசித்தேன். கொஞ்ச காலம் இருந்து, வேறு வேலை தேடிக்கொண்டு, இந்த முறை நானே டைப் செய்த ராஜினாமாவைக் கொடுத்தேன்.

வேலை தேடிய கதை தனி. ஒவ்வொரு இன்டர்வியூவிலும், “குழந்தைய யாரு பாத்துக்கறாங்க?”, “அடுத்த குழந்தை எப்ப?” அதே மாதத்தில் என் கணவரும் வேறு வேலைக்குப் போனார். அவரைக் கேட்டது நோட்டீஸ் பீரியட் எத்தனை நாள் என்று மட்டும். 2024-ல் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் ஐபோன் தயாரிக்கும் ஆலையில் கல்யாணமான பெண்களை வேலைக்கு எடுப்பதில்லை என்று செய்தி வந்து, மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் தமிழ்நாடு அரசிடம் அறிக்கை கேட்டது. கம்பெனி தரப்பு மறுத்தது. அப்போது அமைச்சகம் சுட்டிக்காட்டியது 1976-ஆம் ஆண்டு சம ஊதியச் சட்டத்தை. அதில் வேலைக்கு எடுக்கும்போதும் பெண் என்று பாகுபாடு காட்டக் கூடாது என்று ஒரு பிரிவு இருந்தது, அதே சங்கதி இப்போது ஊதியத் தொகுப்பில் இருக்கிறது. அரசியல் சட்டத்தின் சமத்துவப் பிரிவுகள் பெரும்பாலும் அரசைத்தான் கட்டுப்படுத்தும், தனியார் முதலாளிமேல் நேராகப் போட முடியாது. அதனால் இந்தச் சின்னப் பிரிவுதான் நமக்குக் கிடைத்த கயிறு.

கேட்கக் கூடாத கேள்வி என்று கோர்ட் சொன்னதும் உண்டு. எல்.ஐ.சி.யில் வேலைக்குச் சேர்ந்த நீரா மாத்தூர் பேறுகால விடுப்பில் போனதும் வேலையைவிட்டு எடுத்தார்கள். சேரும்போது நிரப்பிய படிவத்தில் கடைசி மாதவிலக்குத் தேதியைத் தவறாகச் சொல்லிவிட்டாராம். 1991-ல் உச்ச நீதிமன்றம் அவரைத் திரும்ப வேலையில் சேர்க்கச் சொன்னது, படிவத்தில் இருந்த அந்தக் கேள்விகளை எடுக்கவும் சொன்னது. அதைப் படித்த பிறகு இன்டர்வியூவில் நான் செய்தது ஒன்றுதான். “குழந்தைக்கு ஏற்பாடு இருக்குங்க, வேலையப் பத்திப் பேசலாமா?” என்று சிரித்துக்கொண்டே கேட்டேன். இரண்டு இடத்தில் அதோடு இன்டர்வியூ முடிந்துபோனது. மூன்றாவது இடத்தில் இப்போது வேலை பார்க்கிறேன்.

யாராவது இந்த நிலைமையில் சட்ட உதவிக்குப் போவதாக இருந்தால், 15100 என்ற இலவச எண்ணில் கேட்டுவிட்டுப் போங்கள். காலையில் வக்கீல்கள் கோர்ட் ஹாலில் இருப்பார்கள், நான் மதியத்துக்கு மேல்தான் போனேன். அப்பாயின்ட்மென்ட் ஆர்டர், கடைசி மூன்று மாதச் சம்பள ஸ்லிப், ஸ்லிப் தராத இடம் என்றால் பேங்க் ஸ்டேட்மென்ட், டாக்டர் சான்றிதழ், வந்த மெமோ, அனுப்பிய பதில், வாட்ஸ்அப்பில் பேசியதன் ஸ்கிரீன்ஷாட், இவ்வளவும் போதும். கம்பெனியின் பையர் விலைப் பட்டியல், காஸ்டிங் ஷீட் மாதிரி எதையும் கோபத்தில் சொந்த மெயிலுக்கு அனுப்பிவைக்காதீர்கள். ஒழுங்கீனம் என்று நிரூபிக்க அவர்களுக்கு அந்த ஒரு மெயில் போதும், பேறுகாலப் பேச்சே அதற்கப்புறம் வராது.